ஏரிக்கரை வீட்டில் இரண்டு நாள்: மூட்டையில் என்ன இருக்க வேண்டும்?

லீவுக்கு முந்தின நாள் மாலையில் சந்தாபுரா சர்க்கிளில் பஸ்ஸுக்கு நிற்பவர்களின் கைப்பையைப் பார்த்தே, அவர்கள் போகும் இடத்தைச் சொல்லிவிடலாம். இனிப்பு டப்பாவும் புதுத்துணிக் கட்டும் இருந்தால் சொந்த ஊர். பட்டுப்புடவைப் பெட்டியும் பூக்கூடையும் இருந்தால் கல்யாணம். அண்மைக் காலமாக இன்னொரு வகை மூட்டையும் கண்ணில் படுகிறது. அதில் குக்கர் இருக்கிறது, கம்பளி இருக்கிறது, பூப்பந்து மட்டை இருக்கிறது, போதாதென்று இரண்டு டஜன் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் இருக்கிறது. கேட்டால், "ஏற்காடு போறோம். ஏரிக்கரையிலே வீடு எடுத்திருக்கோம்" என்கிறார்கள்.

பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி வட்டாரத்து ஆலைகளிலும் எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு முன்பெல்லாம் லீவு என்றால் சொந்த ஊர்தான். இப்போது ஆயுத பூஜைக்கோ மே மாதத்திலோ இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, மலைமேல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்; சமையலறை உண்டு; பிள்ளைகள் ஓடியாட முற்றம் உண்டு. நல்ல பழக்கம்தான்.

ஆனால், இந்தப் பயணத்துக்கு மூட்டை கட்டுவதற்குத் தனி யோசனை வேண்டும். சொந்த ஊருக்குப் போகிறவர் மாற்று வேட்டியை மறந்தால் அண்ணன் வேட்டி இருக்கிறது. தலையணை, போர்வை எல்லாம் அம்மா பரணிலிருந்து இறக்கித் தந்துவிடுவார். லாட்ஜில் தங்குகிறவர் கூப்பிட்டால் சோப்பும் துண்டும் வரும். ஏரிக்கரை வாடகை வீடு இரண்டிலும் சேராது. கூரை உண்டு, அடுப்பு உண்டு. மறந்ததை எடுத்துத் தர ஆள் இல்லை. கடை சில சமயம் ஒரு மைல் தள்ளி இருக்கும். சீசனில் அங்கே விலையும் மலையேறி உட்கார்ந்திருக்கும். வீட்டில் தொங்கும் ஸ்வெட்டரை மறந்துவிட்டு, அதே போல் இன்னொன்றை அங்கே வாங்கினால், ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அதற்கே போய்விடும்.

எனவே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டு மூட்டை கட்டுவது நலம். அந்த வீட்டில் எது இல்லை? அந்த மலையில் எது இல்லாமல் முடியாது? நாம் கொண்டுபோவதில் எது அங்கேயே தங்கிவிடும்? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. சந்தாபுராவில் குடியிருக்கிறவர்களோ அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதன் காரணம் கடைசியில் வருகிறது.

முதலில் வீட்டுக்காரரைக் கேளுங்கள்

மூட்டை கட்டும் வேலை தொலைபேசியிலேயே தொடங்கிவிடுகிறது. எத்தனை பேருக்குப் பாய், மெத்தை, கம்பளி உண்டு? அடுப்புக்கு கேஸ் இருக்கிறதா, அதற்குத் தனிப் பணமா? குக்கர், வாணலி, தட்டு, டம்ளர் எவ்வளவு? வெந்நீருக்கு ஹீட்டர் உண்டா, விறகு பாய்லரா? குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு என்ன? பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? ஏரிப் பக்கம் வேலி இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் மூட்டையில் பாதி குறைந்துவிடும்.

முன்பணம் அனுப்புவதிலும் நிதானம் வேண்டும். அழகான படத்தைக் காட்டி, முழு வாடகையையும் போனிலேயே வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் ஆசாமிகள் உண்டு. போய்ச் சேர்ந்தால் அப்படி ஒரு வீடே இராது. முழு முகவரியை வாங்கி, அந்த ஊர்க்காரர் யாரையாவது விசாரித்த பின் ஒரு பகுதியை மட்டும் அனுப்பி, ரசீதும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் வருகிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆறு பேர் என்று சொல்லிவிட்டுப் பத்துப் பேர் போய் இறங்கினால், ராத்திரி நான்கு பேர் கம்பளி இல்லாமல் நடுங்க வேண்டியதுதான்.

இரண்டு ஏரிகள், இரண்டு குளிர்

எந்த ஏரி என்பதைப் பொறுத்தே துணிமணி. சந்தாபுராவாசிகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஏற்காடு. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகச் சேலம் இருநூறு கிலோமீட்டருக்குள்தான். பஸ் வேண்டாம் என்றால், பெங்களூரிலிருந்து ஓசூர், தர்மபுரி வழியாகச் சேலத்துக்கு ரயில் பாதையும் உண்டு. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் மலைப்பாதை; இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

கொடைக்கானல் இன்னும் தூரம். சேலம், திண்டுக்கல் தாண்டி, வத்தலக்குண்டு வந்து மலையேற வேண்டும். அங்குள்ள ஏரி இயற்கையாக உண்டானதல்ல. மதுரை கலெக்டராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் என்ற வெள்ளையர் 1863இல் ஓடையை மறித்துக் கட்டியது. நட்சத்திர வடிவில், சுற்றிவர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் இருக்கும். உயரம் 2,100 மீட்டர்.

"பெங்களூர்க் குளிரையே பார்த்தவர்கள் நாம், அங்கே என்ன பெரிய குளிர்?" என்று சிலர் சொல்வதுண்டு. கணக்குப் போட்டால் தெரியும். 1,000 மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் பொதுவாக ஆறு, ஆறரை டிகிரி குறையும். பெங்களூர் 900 மீட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் ஏற்காட்டில் ஏறத்தாழ நான்கு டிகிரியும், கொடைக்கானலில் ஏழெட்டு டிகிரியும் குறைய வேண்டும். இது பகல் கணக்கு. இரவில் ஏரிப்பக்கம் மூடுபனியும் ஈரமும் சேர்ந்துகொண்டால் உடம்புக்கு இன்னும் குளிரும். கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்தரையில் உறைபனி விழுகிற காலைகளும் உண்டு.

துணிமணி

குளிருக்குத் தடித்த சட்டை ஒன்றைவிட மெல்லிய உடை மூன்று நல்லது. பனியன், முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர் என்று அடுக்கிப் போட்டால், இடையிலே நிற்கும் காற்று சூட்டை வெளியே விடாது. பகலில் வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றவும் செய்யலாம். பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் காதை மூடும் குல்லாயும் காலுறையும் கட்டாயம். இரண்டு நாளுக்கு எல்லோருக்கும் இரண்டு செட் போதும்; காலுறை மட்டும் மூன்று ஜோடி வேண்டும். ஏரிக்கரைப் புல்லில் நடந்தால் முதலில் நனைவது அதுதான். மலையில் துவைத்தது மறுநாளும் காயாது.

ஆயுத பூஜை, தீபாவளி லீவில் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். குடையைக் காற்று மடக்கிவிடும், மழைக்கோட்டு நலம். ரப்பர் செருப்பு வழுக்கும். வார் வைத்த செருப்போ, பழைய ஷூவோ போதும். ஷிப்டுக்குப் போட்டுத் தேய்ந்த ஷூ வேண்டாம். அடித்தடம் தேய்ந்தால் ஈரப் பாறையில் ஆளைச் சாய்த்துவிடும்.

பெண்கள் ஒரு பழைய காட்டன் புடவையை எடுத்துக்கொள்வது வழக்கம். அதை விடவே கூடாது. போர்வை, திரை, தொட்டில், கொடி என்று அதற்கு அங்கே நூறு வேலை இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் கயிறாகவும் உதவும். அதைப் பற்றிப் பிறகு.

தாள்களும் பணமும்

பெரியவர்கள் எல்லோருமே அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் நகல் கேட்டால், அதில் தேதியையும் "தங்குவதற்கு மட்டும்" என்பதையும் எழிதக் கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; எழுதியே கொடுங்கள். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வண்டியில் போகிறவர்களுக்கு, சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவைப்படவில்லை. மூன்று குடும்பமாக வேன் பேசுகிறவர்கள், புறப்படும் முன்பே அன்றைய நிலவரத்தைக் கேட்டு, பாஸை எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மலையில் போன் சிக்னல் எப்போது கிடைக்கும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதே காரணத்தால் சில்லறையாகக் கையில் ரொக்கமும் வேண்டும். எல்லாவற்றையும் போனிலேயே கொடுத்துப் பழகியவர்கள் மலைக்கிராமத்து டீக்கடையில் விழிக்க நேரும்.

வீட்டு முகவரி, வீட்டுக்காரர் எண், ஊரில் ஒருவர் எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் வைக்கலாம். கோடை விழாக் கூட்டத்தில் பிள்ளை கைவிட்டுப் போனால் போன் உதவாது. அந்தத் தாள் உதவும்.

சமையல் சாமான்

மூன்று வீட்டிலும் தனித்தனியே மூட்டை கட்டினால் மூன்று மிளகாய்த்தூள் வரும். உப்பு ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள். எனவே ஒரே பட்டியல் போட வேண்டும். ஒரு குடும்பம் அரிசி, பருப்பு. இன்னொன்று எண்ணெய், மசாலா. மூன்றாவது பாத்திரம், விளக்கு, மருந்து என்று பிரித்துக்கொள்வது எளிது.

ஆறு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள் என்றால் ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு கிலோ அரிசி சரியாக இருக்கும். முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போய்விட்டால், இரண்டு இரவுத் தங்கலுக்கு மூன்று கிலோ அரிசியே தாராளம். அரைக் கிலோ பருப்பு, ஒரு கிலோ ரவை, சேமியா, பருப்புப்பொடி, ஊறுகாய், அப்பளம், டீத்தூள், சர்க்கரை போதும். காய்கறியும் பாலும் அங்கேயே வாங்கலாம். மலைக்காரருக்கும் நாலு காசு கிடைக்கும். இட்லி மாவு வேண்டாம். பஸ்ஸில் பொங்கி வழியும். மலையிலே போய் அரைத்தாலோ குளிரில் புளிக்காது.

குக்கர் மட்டும் கட்டாயம் வேண்டும். உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். ஆனால் அந்தக் கொதியில் சூடு குறைவு. முந்நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி என்று கணக்கு. கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைத்தால் கேஸ்தான் தீரும்; பருப்பு பருப்பாகவே இருக்கும். குக்கரில் மூடி அழுத்தம் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கேஸ் சிலிண்டரையும் மண்ணெண்ணெயையும் பஸ்ஸிலோ ரயிலிலோ எடுத்துப் போகக் கூடாது. அது குற்றம் என்பது மட்டுமல்ல. கூட வருகிறவர்களின் உயிர் விஷயம்.

இன்னொரு சாமானும் வேண்டாம். மலைக்குளிருக்கு என்று சொல்லி இங்கிருந்து மதுப் பாக்கெட் வாங்கிச் செருகுகிறவர்கள் உண்டு. அத்திப்பள்ளி தாண்டினால் ஜூஜூவாடி. அங்கிருந்து தமிழ்நாட்டுச் சட்டம். வெளிமாநில மதுவைக் கடத்திய வழக்கில் மாட்டிக்கொண்டால் லீவும் போச்சு, மானமும் போச்சு. மது குளிரைப் போக்கும் என்பதும் தவறு. தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடேறினாற்போல் தோன்றும், உள்சூடு வெளியேறிவிடும். ஏரியருகே அது இன்னும் ஆபத்து.

குரங்குகளையும் மறக்க வேண்டாம். கையில் தொங்கும் பையைத்தான் அவை முதலில் குறிவைக்கும். தின்பண்டத்தை மூடியுள்ள டிபன் கேரியரிலோ தகர டப்பாவிலோ வைத்து மூட்டைக்குள் தள்ளிவிட வேண்டும். இரக்கப்பட்டு ஒரு முறுக்கைக் கொடுத்தால், அடுத்த குடும்பத்தின் பிள்ளையை அது கடிக்கப் போகும்.

மருந்தும் வெளிச்சமும்

தினமும் சாப்பிடும் மாத்திரையை நான்கு நாளுக்குக் கணக்கிட்டு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பது நலம். குளிர்க்காற்றில் இழுப்பு வரும். காய்ச்சல் மாத்திரை, காயத்துக்குக் கட்டுத்துணி, மருந்து, கொசுவுக்குக் களிம்பு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவை ஒரு டப்பாவில் இருக்கட்டும். பொட்டலம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, வயிற்றுப்போக்கு கண்டவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். கொண்டை ஊசி வளைவில் தலைசுற்றி வாந்தி எடுப்பவர்களுக்கு எலுமிச்சம்பழமும், காற்று வரும் முன்பக்க சீட்டும் கைகொடுக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மலையேறக் கூடாது.

டார்ச் லைட் இரண்டு வேண்டும். போனில் உள்ள வெளிச்சத்தை நம்பினால் போனும் அணைந்து வெளிச்சமும் அணையும். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். பிடித்து இழுக்காமல், சிட்டிகை உப்பு வைத்தால் விட்டுவிடும்.

கரியடுப்பு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியே கோழி சுட்டுவிட்டு, கணகணவென்று இருக்கும் கரியை அறைக்குள் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு குளிர்காய்கிறார்கள். கொடைக்கானலில் 2024இல் இப்படிக் கரியடுப்புப் புகையில் இருவர் தூக்கத்திலேயே உயிர் இழந்தார்கள். அணையும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை; தூங்குகிறவர் விழித்துக்கொள்வதும் இல்லை. குளிருக்குக் கூடுதலாக ஒரு கம்பளி எடுத்துப் போங்கள். கரி மூட்டை வேண்டாம்.

தண்ணீரோடு விளையாட்டு வேண்டாம்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021இல் மட்டும் உலகில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தை. ஏரிக்கரையில் தங்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்வது நல்லது.

ஏற்காடு, கொடைக்கானல் ஏரிகள் படகு விடும் இடங்கள்; குளிக்கும் இடங்களல்ல. அடியில் சேறும் நீர்க்கொடியும் இருக்கும். கிராமத்துக் கிணற்றில் குதித்து வளர்ந்தவர் காலையும் அது பிடித்துக்கொள்ளும். படகில் ஏறினால், உயிர்காப்பு அங்கி குழந்தையின் அளவுக்குச் சரியாக இருக்கிறதா, வார் கட்டியிருக்கிறதா என்று பார்த்த பின்பே உட்கார வேண்டும்.

யாராவது தவறி விழுந்தால், நீந்தத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் உடனே பின்னால் குதிக்கக் கூடாது. மூழ்குகிறவர் பயத்தில் காப்பாற்ற வந்தவரைக் கட்டிப்பிடித்து இருவரும் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கரையில் படுத்துக்கொண்டு அந்தக் காட்டன் புடவையை முறுக்கி வீசலாம். மூடி போட்ட காலிக் கேனைக் கயிற்றில் கட்டி எறியலாம். அதனால்தான் பட்டியலில் பத்து மீட்டர் நைலான் கயிறு ஒன்றும் ஐந்து லிட்டர் கேன் ஒன்றும் சேர வேண்டும். கயிறு துணி உலர்த்தவும் ஆகும். கேன் குடிதண்ணீருக்கும் ஆகும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை மணிக்கணக்கில் முறை வைத்து நியமித்துவிடுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று பொருள்.

எது திரும்பி வராது?

இனி அந்த மூன்றாவது கேள்வி. பத்துப் பேர் இரண்டு நாளில் குடிக்கும் தண்ணீருக்கு முப்பது பாட்டில், டீக்கு நாற்பது கப், சாப்பாட்டுக்கு அறுபது தட்டு என்று வாங்கிக் கட்டிக்கொண்டால், அத்தனையும் மலையிலேயே தங்கிவிடும். வீட்டுக்காரர் அள்ளி எங்கே கொட்டுவார்? பள்ளத்தில். மழை வந்தால் பள்ளத்தில் கிடப்பது எங்கே போகும்? ஏரிக்கு.

சட்டமும் இதில் தெளிவு. பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் பூச்சுள்ள கப், தட்டு, உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை போட்டிருக்கிறார்கள். வழியில் சோதித்தால் பறிமுதல் ஆகும். அபராதமும் கட்ட நேரும். எவர்சில்வர் தட்டும் டம்ளரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையும் இல்லை, செலவும் இல்லை. ஆலைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றனவே!

சட்டத்தைவிடப் பெரிய பாடம் சந்தாபுராவிலேயே இருக்கிறது. சந்தாபுரா ஏரியைப் பற்றி இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆலைக்கழிவும் சாக்கடையும் குப்பையும் போய்ச் சேர்ந்து, ஏரிக்கரையில் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாமற்போனது. பத்திரிகைச் செய்தியைக் கண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அந்த வழக்கை எடுத்தது. ஏரியைக் காக்கத் தவறியதற்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. ஓர் ஏரியைக் கெடுத்ததற்கு 500 கோடி! இந்தத் தொகையைக் கேட்ட பிறகாவது, ஓர் ஏரியின் விலை என்னவென்று நமக்குப் புரிய வேண்டும்.

ஏரி எப்படிச் சாகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நலம். சாக்கடையிலும் சோப்பு நீரிலும் இருக்கும் சத்துகள் தண்ணீரில் கலந்தால் அவை உரமாகின்றன. பாசியும் ஆகாயத்தாமரையும் கொழுத்து மேலே மூடிக்கொள்கின்றன. அவை அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. மீன் செத்து மிதக்கிறது. பிறகு நாற்றம், கொசு, நோய். இதற்குப் பெரிய ஆலையே தேவையென்பதில்லை. ஆயிரம் குடும்பங்கள் ஆளுக்கொரு வாளி சோப்பு நீரைக் கொட்டினாலும் போதும்.

ஆகவே மலை ஏரியில் துணி துவைப்பதும், எண்ணெய்ப் பாத்திரம் கழுவுவதும், மிச்சச் சோற்றைக் கொட்டுவதும் கூடாது. பாத்திரத்தை வீட்டுத் தொட்டியிலேயே, முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவ வேண்டும். ஷாம்பு பாக்கெட்டுகளை முன்கூட்டியே ஒரு சின்ன டப்பாவில் பிரித்து ஊற்றிக்கொண்டால், அங்கே வீசி எறிய உறையே இராது. பிஸ்கெட்டையும் முறுக்கையும் இங்கேயே பிரித்து டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். குழந்தைக்கு உபயோகித்து எறியும் டயப்பரைத்தான் தவிர்க்க முடியாது. அதற்குத் தனியே மூடியுள்ள டப்பா ஒன்று வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மூட்டையில் கடைசியாக வைக்க வேண்டிய சாமான் ஒன்று உண்டு. பழைய அரிசிச் சாக்கு இரண்டு, காலியாக. போகும்போது அதற்கு எடையே இல்லை. திரும்பும்போது நம் குப்பை அதில் கீழே வர வேண்டும். காய்கறித் தோலையும் இலையையும் வீட்டுக்காரரைக் கேட்டுச் செடிக்குழியில் போட்டுவிடலாம். மற்றதைக் கட்டிக்கொண்டு வந்து, குப்பை எடுக்கும் ஏற்பாடுள்ள இடத்தில் சேர்க்க வேண்டும். "நம்ம குப்பையை நாமே பஸ்ஸிலே தூக்கிட்டு வர்றதா?" என்று கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கொண்டுபோனது நிறைந்த பாக்கெட். கொண்டுவருவது காலி உறை. அது கனக்கப் போவதில்லை.

புறப்படும் முன்

மூட்டையை இரண்டாகக் கட்டுவது நல்லது. பெரிய மூட்டையில் பாத்திரமும் அரிசியும். சின்னப் பையில் தாள்கள், மருந்து, ஸ்வெட்டர், டார்ச், ஒரு வேளைத் தின்பண்டம். பெரிய மூட்டை பஸ்ஸின் பின்புறம் போய்விட்டாலும், மலையேறும்போது குளிருக்கு ஸ்வெட்டர் கையில் இருக்கும். கட்டி முடித்ததும் வீட்டைச் சுற்றி ஒரு தடவை தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். மூச்சு வாங்கினால் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கிறது. அநேகமாக அது நாலாவது சட்டையாக இருக்கும்.

பட்டியலை ஒரு தாளில் எழுதி இரண்டு பத்தி போடுங்கள். ஒன்று போகும்போது சரிபார்க்க, மற்றொன்று வரும்போது சரிபார்க்க. குக்கர் விசிலும் டார்ச்சும் அங்கேயே தங்குவது எல்லாப் பயணத்திலும் நடப்பதுதான். வரும்போது பார்க்கும் பத்தியில் கடைசி வரியாக "சாக்கு இரண்டு, குப்பையுடன்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை தேடி வந்த ஊரில் ஓர் ஏரி கெட்டதை நம்மவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். லீவுக்குப் போகிற ஊரில் இன்னொன்று கெடாமல் பார்த்துக்கொள்வதற்குப் பெரிய தியாகம் ஒன்றும் தேவையில்லை. ஓர் எவர்சில்வர் டம்ளரும் ஒரு காலிச் சாக்கும் போதும். அடுத்த வருஷம் அதே ஏரிக்கு அதே பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டுமல்லவா?